கடலுக்குச் சொன்னது வயலுக்கும்தான்

மார்கழி பாதி கடந்ததும் வானிலை அறிக்கை கேட்பவர்கள் மூன்று வகையாகப் பிரிந்துவிடுகிறார்கள். வயல்காரர் 'மழை' என்ற சொல் வரும்வரை காது கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார். கடலுக்குப் போகிறவர் கடைசியில் வரும் மீனவர் எச்சரிக்கைக்காக மட்டும் காத்திருக்கிறார். விமான நிலையப் பனிமூட்டம் பற்றிய செய்தியை, பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்புகிற வீட்டாரைத் தவிர வேறு யாரும் சட்டை செய்வதில்லை. ஆனால் மூன்றும் ஒரே வானத்தின் சேதி. ஒருவருக்குச் சொன்னது மற்றவருக்கும் பயன்படும். சம்பா அறுவடை செய்கிறவர், மீனவருக்குச் சொல்லும் நாலு வரியை விடாமல் கேட்டால் இரண்டு நாள் முந்திக்கொள்ளலாம்.

வானிலைத் துறையின் கணக்கில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். ஜனவரியும் பிப்ரவரியும் குளிர்காலம். தமிழ்நாட்டுக்குக் குளிர்காலத்தில் கிடைக்கும் இயல்பான மழை சில சென்டிமீட்டர்தான். ஆனால் பருவமழை காலண்டர் பார்த்துக் கிளம்புவதில்லை. 2021-ம் ஆண்டு அது விடைபெற்றபோது ஜனவரி 19 ஆகிவிட்டது. அந்தப் பொங்கலுக்குத் தாமிரபரணியில் வெள்ளம் ஓடியது. டெல்டாவில் அறுக்க வேண்டிய கதிர் தண்ணீரில் கிடந்து முளைத்தது. இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இந்தப் பயத்தைச் சுற்றியே இருக்கின்றன.

"பொங்கலை ஒட்டி சம்பா அறுவடை. 'ஓரிரு இடங்களில் மழை' என்றார்களே என்று அறுப்பு மெஷினை நிறுத்தி வைத்தால், ஒரு பொட்டு மழை இல்லை. அடுத்த தடவை அதே வார்த்தையைக் கேட்டுச் சும்மா இருந்தால், கொட்டித் தீர்த்துவிட்டது. எதைத்தான் நம்புவது?"
– திருவாரூர் மாவட்ட வாசகர்

'ஓரிரு இடங்களில்' என்பது பேச்சுவாக்கில் சொல்வது கிடையாது. அதற்கு அளவு உண்டு. ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு 25 வரை மழை பதிவாகும் என்றால் 'ஓரிரு இடங்களில்'. பாதி வரை என்றால் 'ஒரு சில இடங்களில்'. முக்கால் பங்கு வரை என்றால் 'பல இடங்களில்'. அதற்கும் மேலே போனால் 'பெரும்பாலான இடங்களில்'. ஆக, 'ஓரிரு இடங்களில்' என்ற நாளில் நாலு ஊரில் மூன்று ஊர் நனையாமலே இருக்கும். நனையாத ஊர்க்காரருக்கு அறிக்கை பொய்த்ததாகத் தோன்றும். நனைந்த ஊர்க்காரருக்கு அறிக்கை போதாததாகத் தோன்றும். இரண்டு பேருமே கேட்டது சரியான அறிக்கைதான்.

அந்தச் சொல் எத்தனை இடம் என்பதை மட்டும் சொல்கிறது. எவ்வளவு மழை என்பதற்கு வேறு சொற்கள். கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. மிகக் கனமழை என்றால் 12 முதல் 20 செ.மீ. அதற்கு மேல் அதிகனமழை. அந்த 24 மணி நேரம் காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30-க்கு முடிகிறது. காலை 9 மணிக்குப் பெய்த மழை அடுத்த நாள் கணக்கில்தான் வரும். பேப்பரில் வரும் மழையளவு ஊர் அனுபவத்தோடு ஒத்துப்போகாமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

அறுவடைக் காலத்தில் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். 'ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமான மழை' என்றால் வேலையை நிறுத்த வேண்டியதில்லை, தார்ப்பாய் கையில் இருந்தால் போதும். 'ஓரிரு இடங்களில் கனமழை' என்றால் கதையே வேறு. நாலில் ஒரு வாய்ப்பு என்றாலும், அந்த ஒன்று விழுந்தால் அறுத்துப் போட்ட வயலில் முழங்கால் தண்ணீர் நிற்கும்.

இனி கடல் செய்திக்கு வரலாம். தை மாதத்தில் டெல்டாவுக்குப் பெரிய மழை கொண்டுவருவது பெரும்பாலும் தென்மேற்கு வங்கக்கடலில், இலங்கையை ஒட்டி உருவாகும் தாழ்வுப் பகுதிகள்தான். அவை கிழக்கே இருந்து மெதுவாக நகர்ந்து வரும். கரையில் மழை தொடங்குவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே, 'தென்மேற்கு வங்கக்கடல், இலங்கைக் கடலோரம், மன்னார் வளைகுடா பகுதிகளுக்கு மீனவர்கள் செல்ல வேண்டாம்' என்ற வரி அறிக்கையில் வந்துவிடும். அப்போது வயலுக்கு மேலே வானம் பளிச்சென்று இருக்கும். விடியற்காலையில் நல்ல பனியும் இறங்கும். 'இந்த வெயிலில் எங்கே மழை' என்று தோன்றும். 2023 பிப்ரவரி தொடக்கத்தில் நடந்ததும் இதுதான். தென்மேற்கு வங்கக்கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் இலங்கையைக் கடந்தது. தமிழ்நாட்டுக் கரைக்கு நேராக வரவேயில்லை. ஆனாலும் நாகை, திருவாரூர், தஞ்சை, மயிலாடுதுறை வயல்களில் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்தது. களத்தில் கிடந்த நெல்லும் நனைந்தது.

'புயல் இல்லையே' என்று ஆறுதல் கொள்வதும் தப்பு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. அதற்குக் காரணம் பெயர் வைத்த புயல் எதுவும் இல்லை. குமரிக்கடல் பக்கம் இருந்த வளிமண்டலச் சுழற்சிதான். தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், புயல் என்ற படிநிலைகள் காற்றின் வேகத்தை வைத்துச் சொல்லப்படுபவை. மழையின் அளவு அந்தப் படிக்கட்டில் ஏறி இறங்குவதில்லை. நெல்லுக்கு மழைதான் எதிரி, பெயர் அல்ல.

சரி, மூன்று நாளில் மழை என்று தெரிந்துவிட்டது. அறுப்பதா, விடுவதா? கதிரில் நூற்றுக்கு 80 மணி வைக்கோல் நிறத்துக்குத் திரும்பிவிட்டால் அறுத்துவிடலாம். இன்னும் நாலு நாள் விட்டால் கூடுதலாகக் கிடைக்கும் எடை கொஞ்சம்தான். நனைந்தால் போவது அதைவிட அதிகம். பாதிக் கதிர் பச்சையாக இருக்கும்போது மழைக்குப் பயந்து அறுப்பதில் லாபம் இல்லை. பச்சை மணியும் பதரும் கலந்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் தள்ளிவிடுவார்கள். அந்த நிலையில் செய்ய வேண்டியது வடிகால் வேலை. அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே தண்ணீரை வடித்துவிட்ட வயலில் வேர்ப்பிடிப்பு உறுதியாக இருக்கும், பயிர் லேசில் சாயாது. மழை நின்ற பிறகும் வண்டி இறங்கும். மடையை வெட்டி, குறுக்கே ஒரு கால் இழுத்து, ஊர் வடிகால் வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்திருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். தன் வயல் மடையை மட்டும் திறந்துவிட்டு, பொது வாய்க்காலை யாரோ பார்ப்பார்கள் என்று விடுவதில்தான் பல ஊர்களில் வயல் மூழ்குகிறது.

சாய்ந்துவிட்டால், தண்ணீர் வடிந்ததும் நாலைந்து தூர்களைச் சேர்த்துக் கட்டி நிமிர்த்தி வைக்க வேண்டும். கதிர் தண்ணீரைத் தொடாமல் இருந்தால் முளைப்பது வெகுவாகக் குறையும். ஈர வயலில் டயர் வண்டியை இறக்கிச் சிக்கிக்கொள்வதைவிட பெல்ட் வண்டிக்கு வாடகை கூடக் கொடுப்பது மேல்.

பனிக்காலத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும். விடியற்காலையில் வண்டியை இறக்கினால் பனி ஈரத்தோடு நெல் வரும். பனி உலர்ந்த பிறகு, ஒன்பது, பத்து மணிக்கு மேல் இறக்குவதே நல்லது. பகல் முழுக்கக் காய வைத்த நெல்லை இரவில் திறந்து போட்டால் மறுநாள் காலையில் ஈரம் மீண்டும் ஏறியிருக்கும். தார்ப்பாய் மழைக்கு மட்டும் அல்ல, பனிக்கும்தான். ஈர நெல்லைக் குவித்து மூடி வைப்பதும் கூடாது. உள்ளே சூடேறி அரிசி பழுப்பாகிவிடும். பரப்பிக் கிளறி, காற்று ஓட்டம் கொடுத்து, மாலையில் கூட்டி மூட வேண்டும்.

காப்பீடு செய்தவர்கள், தன் வயலில் மட்டும் ஏற்படும் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அறுத்து வயலில் பரப்பி வைத்த கதிருக்கு, அறுத்த நாளில் இருந்து 14 நாள் வரை பாதுகாப்பு தரும் பிரிவும் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறது. அது எல்லா மாவட்டத்திலும், எல்லாப் பயிருக்கும் அறிவிக்கப்படுவதில்லை. தங்கள் பிர்க்காவுக்கு உண்டா என்பதை மழைக்கு முன்பே வேளாண் உதவி அலுவலரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. 14447 என்ற எண்ணிலும் சேதத்தைப் பதிவு செய்யலாம்.

"நாகப்பட்டினம் துறைமுகத்தில் கூண்டு ஏற்றியதாகச் செய்தி வந்தாலே பயமாக இருக்கிறது. ஒன்றாம் எண் கூண்டுக்கும் அறுவடையை நிறுத்த வேண்டுமா?"
– கீழ்வேளூர் வாசகர்

வேண்டாம். 1, 2 என்ற எண்கள் தூரக் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது என்று கப்பல்களுக்குச் சொல்பவை. 3 என்றால் அந்தத் துறைமுகத்திலேயே பலத்த காற்றுக்கு வாய்ப்பு. 5-க்கு மேல் போனால் அந்தப் பகுதிக்கே ஆபத்து. மொத்தம் 11 எண்கள். 11-ம் எண் ஏறினால் வானிலை மையத்துடனான தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். 1-ம் எண்ணைக் கேட்டதும் வயல்காரர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அன்றில் இருந்து அறிக்கையை ஒரு வேளைகூட விடாமல் கேட்பது.

"கணவர் பாக் நீரிணைப் பக்கம் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். வீட்டில் இரண்டு ஏக்கர் முண்டு மிளகாய்க் காடு. 'சூறாவளிக் காற்று' என்று அறிக்கையில் வந்தாலே மாமியார் அழத் தொடங்கிவிடுகிறார். காற்று எப்போது உண்மையிலேயே ஆபத்து? மிளகாய்க்கு என்ன செய்வது?"
– ராமநாதபுரம் மாவட்ட வாசகி

அறிக்கையில் வரும் சூறாவளிக் காற்று புயலைக் குறிப்பது அல்ல. திடீர் திடீரென்று வேகம் கூடி வீசும் காற்றைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 'மணிக்கு 35 முதல் 45 கி.மீ., இடையிடையே 55 கி.மீ.' என்று வந்தால், அந்தக் கடைசி எண்ணைத்தான் கவனிக்க வேண்டும். படகைக் கவிழ்ப்பது சராசரிக் காற்று இல்லை, இடையில் வரும் அந்த ஒரு வீச்சு. மார்கழி, தையில் வாடைக் காற்று பாக் நீரிணைப் பக்கம் நேராக அடிக்கும். அங்கே ஆழம் குறைவு என்பதால் அலை குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன் பின் ஒன்றாக எழும். சிறு படகுக்கு அதுதான் மோசம். அதே நாளில் தீவின் தென்பக்கம், மன்னார் வளைகுடாவில் கடல் அவ்வளவு கொந்தளிக்காமல் இருக்கலாம். சோழகக் காற்றுக் காலத்தில் இது தலைகீழாக மாறும். கரையில் இருக்கும் பெரியவர்களுக்கு இது தெரியாதது இல்லை. ஆனால் மன்னார் வளைகுடாவுக்கே எச்சரிக்கை சொல்லியிருக்கும்போது, 'தென்பக்கம் மறைவு இருக்கும்' என்று பழக்கத்தை நம்பிப் போவது கூடாது.

2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயல் கன்னியாகுமரி மாவட்டக் குடும்பங்களை நொறுக்கியதற்கு வேகமும் தூரமும் காரணம். நவம்பர் 29-ம் தேதி தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையில் புயலாகிவிட்டது. பல படகுகள் அதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போய் நாட்கள் ஆகியிருந்தன. சேதி அங்கே எட்டவில்லை. காலையில் போய் மாலையில் திரும்பும் நாட்டுப்படகுக்கு அந்த ஆபத்து குறைவு, கிளம்பும் முன்பு அன்றைய அறிக்கையைக் கேட்டால். தங்கல் தொழிலுக்குப் போகிறவர்கள் ஐந்து நாள் முன்னறிவிப்பையும் பார்த்து, தகவல் கருவி வேலை செய்கிறதா என்று சோதித்த பிறகே கிளம்ப வேண்டும். அலை எவ்வளவு உயரம் எழும் என்பதை ஹைதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் தனியாகக் கணித்துச் சொல்கிறது. காற்றையும் அலையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இனி மிளகாய். பழம் பழுக்கத் தொடங்கும் நேரத்தில் மழை விழுந்தால் பூ கொட்டும், பழம் அழுகும். படகைக் கரையில் நிறுத்தச் சொல்லி அறிவிப்பு வந்த அன்றே, சிவந்த பழத்தை எல்லாம் பறித்துவிட வேண்டும். தொழில் இல்லாத நாளில் வீட்டில் இன்னும் இரண்டு கைகள் இருக்கும், அதையும் பயன்படுத்திக்கொள்ளலாம். ஏற்கெனவே களத்தில் காயும் வற்றலை மண் தரையில் இருந்து தூக்கி, மேடான இடத்தில் தார்ப்பாய் விரித்துக் குவித்து மூட வேண்டும். மழை விட்டதும் உடனே பரப்பிவிட வேண்டும். ஓர் இரவு அதிகமாக மூடிக் கிடந்தாலும் பூசணம் பிடித்து நிறம் போய்விடும். காட்டில் தண்ணீர் தேங்கினால் ஒரு நாளுக்குள் வடிக்க வேண்டும், மிளகாய் வேர் அதற்கு மேல் தாங்காது.

"எங்கள் தோட்டத்தில் மேட்டுத் தேயிலை பச்சையாக நிற்கிறது. பள்ளத்தில் உள்ளது கருகிப்போகிறது. மண், உரம், ரகம் எல்லாம் ஒன்றுதான். ஏன்?"
– உதகை பகுதிச் சிறு தேயிலை விவசாயி

குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரியே பள்ளத்துக்கு வடிந்து தேங்கும். மேகம் இல்லாத, காற்று அசையாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்கிறது. சமவெளியில் அது பனித்துளியாக நின்றுவிடும். நீலகிரியில் முதலில் நீர்ப்பனி, பிறகு உறைபனி. தை பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று ஊரில் சொல்வதில் முதல் பாதி சரியான கணிப்பு. குளிர் தரையில் இருந்துதான் தொடங்குகிறது.

எனவே வானிலை அறிக்கையில் குறைந்தபட்ச வெப்பநிலையை மட்டும் பார்த்தால் போதாது. அது தரையில் இருந்து நாலடிக்கு மேல், கூண்டுக்குள் வைத்த கருவி காட்டும் அளவு. அங்கே 3, 4 டிகிரி இருக்கும்போதே புல் நுனியில் உறைபனி படிந்துவிடும். வானம் தெளிவு, காற்று இல்லை, மாலையிலேயே குளிர் விறுவிறுவென்று ஏறுகிறது. இந்த மூன்றும் சேர்ந்த அன்று இரவே பள்ளத்துத் தேயிலையைத் தாகைச் செடி, காய்ந்த புல் கொண்டு மூட வேண்டும். மேகம் மூடிய இரவு போர்வை போர்த்திய மாதிரி, அன்று பயம் இல்லை. கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு போட்டவர்கள், வெயில் ஏறும் முன்பே ஸ்பிரிங்ளரைத் திறந்து இலையில் படிந்த உறைபனியைக் கழுவிவிடுகிறார்கள். நல்ல பழக்கம். கருகிய தேயிலையை உடனே கவாத்து செய்யத் துடிக்கக் கூடாது. உறைபனிக் காலம் முடியும்வரை அந்தக் கருகிய இலையே உள்ளிருக்கும் குச்சிக்கு மூடாக்கு.

"காதலர் தினத்துக்காக ரோஜா அனுப்புகிறோம். போன முறை பெங்களூரு விமான நிலையத்தில் பனிமூட்டம் என்று சொல்லி ஒரு சரக்கு தாமதமாகி, விலை போய்விட்டது. முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியாதா?"
– ஓசூர் வட்டாரப் பசுமைக்குடில் விவசாயி

ஒரு நாள் முன்பு ஓரளவு தெரியும். ஒரு வாரம் முன்பு தெரியாது. பார்வைத் தூரம் 1,000 மீட்டருக்குக் கீழே இறங்கினால்தான் அதை மூடுபனி என்று கணக்கில் எடுக்கிறார்கள். 200 மீட்டருக்குக் கீழே போனால் அடர்ந்த மூடுபனி. 50 மீட்டருக்குக் கீழே மிக அடர்ந்தது. ஊட்டித் தேயிலைக்குச் சொன்ன அதே காரணம்தான் தேவனஹள்ளி ஓடுபாதைக்கும்: தெளிந்த வானம், அசையாத காற்று, அவற்றோடு தரையில் ஈரம். முந்தின நாள் மழை பெய்து, மாலையில் வானம் வெளுத்துவிட்டால், மறுநாள் விடியலில் மூட்டத்துக்கு வாய்ப்பு அதிகம். இரவில் காற்று வீசினால் மூட்டம் கலைந்துவிடும்.

அங்கே தென் ஓடுபாதையில் அடர்ந்த மூட்டத்திலும் விமானத்தை இறக்க உதவும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் விமானமும் விமானியும் அதற்குத் தகுதி பெற்றிருக்க வேண்டும். இறங்க வேண்டிய விமானம் வேறு ஊருக்குப் போய்விட்டால், அதில் ஏற வேண்டிய பூவும் காத்துக்கிடக்கும். இந்த மூட்டம் பெரும்பாலும் விடியலுக்கு முன்பு தொடங்கி, வெயில் ஏறியதும் கலையும். ஏற்றுமதி முகவரிடம் பேசும்போது, அதிகாலை விமானத்துக்குப் பதிலாக முற்பகலுக்குப் பிறகு அல்லது முன்னிரவில் கிளம்பும் விமானத்தைக் கேட்பது ஒரு வழி. முழுச் சரக்கையும் ஒரே விமானத்தில் ஏற்றாமல் இரண்டு நாளாகப் பிரிப்பது இன்னொன்று. விமான நிலைய வானிலை அலுவலகம் அரை மணிக்கு ஒருமுறை பார்வைத் தூரத்தைப் பதிவு செய்கிறது. வண்டி குடிலை விட்டுக் கிளம்பும் முன்பு அதைக் கேட்டுவிட்டால், பூவைச் சாலையிலோ சரக்குக் கொட்டகையிலோ காய விடாமல், குளிர்பதன அறையிலேயே வைத்திருக்கலாம்.

குடிலுக்குள்ளும் இதே பனிதான் விளையாடுகிறது. இரவில் பக்கத்திரை மூடியிருப்பதால் உள்ளே ஈரம் தேங்கி, அடிச்சாம்பல் நோய் வரும். வெயில் வந்ததும் திரையைத் தூக்கி ஈரக் காற்றை வெளியேற்றுவது, மருந்தைவிட மலிவு.

"மகனுக்கு சவூதியில் வேலை. போகிப் பண்டிகை அன்று காலை சென்னையில் இருந்து விமானம். ஊரில் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்."
– பெரம்பலூர் மாவட்ட வாசகி

பயம் வீண் இல்லை. 2018 ஜனவரி 13, போகி அன்று சென்னையில் புகையும் பனியும் கலந்து ஓடுபாதையை மறைத்ததால் பல விமானங்கள் திருப்பிவிடப்பட்டன, பல தாமதமாயின. குளிர்ந்த காற்று தரையோடு தங்கி, அதற்கு மேலே சற்றுச் சூடான காற்று மூடி போட்ட மாதிரி நிற்கும் காலம் இது. பழைய டயர், பிளாஸ்டிக்கைக் கொளுத்திய புகை மேலே போக வழி இல்லாமல் கீழேயே சுற்றும். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றால் ஒரு நாள் முன்னாலோ, அன்று பிற்பகலோ பார்க்கலாம். எடுத்துவிட்டால், இடையில் மாறி ஏறும் விமானத்துக்கு நேரம் போதுமா என்று நிறுவனத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். வேலைக்குச் சேர வேண்டிய கடைசித் தேதிக்கு இரண்டு நாள் இடைவெளி இருந்தால் நிம்மதி.

"நெல் தரிசில் உளுந்து தெளிக்க வேண்டும். பனி போதுமா, மழை வேண்டுமா?"
– மயிலாடுதுறை மாவட்ட வாசகர்

பனியும் மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் போதும். அதை நம்பித்தான் இந்தப் பயிரே இருக்கிறது. அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நிற்கும் நெல்லுக்குள் தெளிப்பார்கள். தை முதல் நாளில் இருந்து மாசித் தொடக்கம் வரை நேரம் இருக்கிறது. தெளித்த இரண்டு நாளுக்குள் கனமழை வந்தால் விதை அழுகிவிடும். எனவே இங்கேயும் மீனவர் எச்சரிக்கையைக் கேட்டுவிட்டு, விதையை ஐந்து நாள் தள்ளிப் போடுவதில் நஷ்டம் இல்லை.

"இந்தப் பருவத்தில் இயல்பைவிட மழை குறையும் என்று முன்பே சொன்னார்கள். 'லா நினா' என்றார்கள். அதை வைத்துப் பயிரை முடிவு செய்யலாமா?"
– சிவகங்கை மாவட்ட வாசகர்

அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. லா நினா காலத்தில் வடகிழக்குப் பருவமழை குறையும் என்பது பொதுவான போக்கு. 2016-ல் அப்படியே நடந்தது, இயல்பைவிட 62 சதவிகிதம் குறைவு. 2021-லும் லா நினாதான். ஆனால் அந்த ஆண்டு 59 சதவிகிதம் அதிகமாகப் பெய்தது. பருவ முன்னறிவிப்பு என்பது எந்தப் பக்கம் வாய்ப்பு சாய்கிறது என்று சொல்வது. நாலு ஏக்கரில் எத்தனை ஏக்கருக்கு நெல், எத்தனை ஏக்கருக்குச் சிறுதானியம் என்று பிரிக்க அது உதவும். எந்த வாரம் மழை என்பதை அதில் தேடக் கூடாது. அதற்கு, செவ்வாயும் வெள்ளியும் மாவட்ட வாரியாக வரும் ஐந்து நாள் வேளாண் வானிலை அறிக்கை இருக்கிறது. மேகதூத் செயலியிலும் பார்க்கலாம். செல்போனில் வேறு சில செயலிகள் பதினைந்து நாளுக்கு மணிவாரியாக மழை காட்டுகின்றன. ஒரு வாரத்துக்கு மேல் உள்ளதை நம்பி மெஷினுக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.

"மா பூத்திருக்கிறது. காலையில் பனி, பகலில் மேகமூட்டம். பூ கருகுகிறது."
– கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்

பூங்கொத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் சாம்பல் நோய். நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து, பனி உலர்ந்த பிறகு தெளிக்கலாம். பிசுபிசுப்பும் கருமையும் இருந்தால் தத்துப்பூச்சி. அதற்கு வேப்பெண்ணெய்க் கரைசலில் தொடங்கலாம். தேனீ நடமாடும் முற்பகலில் எதையும் தெளிக்காமல் மாலைக்கு ஒதுக்குவது நல்லது.

"ஆடுகளைக் காலையில் எத்தனை மணிக்கு மேய்ச்சலுக்கு விடலாம்?"
– விருதுநகர் மாவட்ட வாசகி

புல்லில் பனி காய்ந்த பிறகு. ஈரம் இருக்கும்வரை குடற்புழுவின் குஞ்சுகள் புல் நுனிக்கு ஏறியிருக்கும். வெயில் ஏறினால் கீழே இறங்கிவிடும். ஒன்பது மணிக்கு மேல் விட்டால் போதும்.